புடுங்கிப் போட்டால் ஓடும்தான்

“அதெல்லாம் தேவையில்லண்ணே. வயரப் புடுங்கி விட்டுடலாம். காடி ஓடும்.”

சுங்கைப் பட்டாணி வட்டாரத்தில் பதினைந்து, இருபது வயதான காடி வைத்திருப்பவர்களுக்கு இந்த வாசகம் புதிதில்லை. மீட்டரில் மஞ்சள் நிறத்தில் எஞ்சின் படம் எரியும். போமன் ஸ்கேனரைச் செருகுவார். ஆக்ஸிஜன் சென்சர் என்று வரும். புதுசு போட்டால் சில நூறு வெள்ளி ஆகும் என்பார். நம் முகம் போகிற போக்கைப் பார்த்ததும் மேலே சொன்ன தீர்ப்பை வழங்கிவிடுவார். பாக்கார் ஆராங் பட்டறைகளில் மட்டும் இல்லை, பீடோங், குருன், பாடாங் செராய் என்று எங்கே போனாலும் இதே பல்லவிதான். விளக்கு கண்ணை உறுத்துகிறது என்றால் அதற்கும் வைத்தியம் இருக்கிறது. ஒரு துண்டு கறுப்பு டேப்.

நாலைந்து போமன்களின் சோம்பேறித்தனம் என்று இதைத் தள்ளிவிட முடியாது. ஒரு கொள்கையாகவே இது வேரூன்றிவிட்டது. சென்சர் என்பது வெள்ளைக்காரன் ஊர்ச் சட்டத்துக்காக வைத்த சாமான், நம் ஊர்ப் பழைய காடிக்கு அது வீண் தொல்லை என்று படித்தவர்களும் சொல்கிறார்கள். கூலிம் ஹைடெக் பார்க்கில் தினமும் சென்சர் பொருத்திய இயந்திரங்களோடு மாரடிக்கிறவர்கள்கூடச் சொல்கிறார்கள். அங்கே ஒரு சென்சர் பழுதானால் உற்பத்தியையே நிறுத்திவிட்டு அதைப் பார்ப்பவர்கள், சொந்தக் காடி என்று வந்ததும் டேப்பைத் தேடுகிறார்கள். இந்தக் கொள்கை தவறு என்பதே என் கட்சி. அதற்கு விலை கொடுப்பவர்கள் மாதக் கடைசியில் இருபது வெள்ளிக்கு எண்ணெய் ஊற்றிக்கொண்டு வேலைக்குப் போகிறவர்கள் என்பதால்தான் இத்தனை நீளமாக எழுத வேண்டியிருக்கிறது.

சட்டத்துக்காக வந்தது என்பதில் பாதி உண்மை இருக்கிறது. 1970களில் கலிபோர்னியாவில் புகைக் கட்டுப்பாடு இறுகியபோது ஜெர்மனியின் போஷ் நிறுவனம் ஆக்ஸிஜன் சென்சரை உருவாக்கியது. 1976இல் வோல்வோ அமெரிக்காவுக்கு அனுப்பிய காடிகளில் பொருத்தியது. ஆனால் எதற்காக வந்தது என்பது ஒரு கேள்வி, வந்தபின் என்ன வேலை பார்க்கிறது என்பது வேறு கேள்வி. ஒரு பங்கு பெட்ரோல் முழுதாக எரிய எடைக் கணக்கில் 14.7 பங்கு காற்று வேண்டும். காற்று குறைந்தால் எண்ணெய் பாதி எரிந்தும் எரியாமலும் புகையோடு போய்விடும். கூடினால் எஞ்சின் இழுக்காமல் திணறும். எவ்வளவு காற்று உள்ளே போகிறது, தண்ணீர் எவ்வளவு சூடு, மிதி எவ்வளவு அழுந்தியிருக்கிறது என்று எஞ்சினின் கணினியான ஈசியுவுக்குச் சொல்லப் பல சென்சர்கள் இருக்கின்றன. அவை எல்லாம் எரிவதற்கு முந்தைய கதை. ஊற்றியது சரியாக எரிந்ததா என்று எரிந்தபின் சொல்வது ஆக்ஸிஜன் சென்சர் ஒன்றுதான். நூறு பேருக்குச் சாம்பார் வைக்கிறவர் எத்தனை கெட்டிக்காரராக இருந்தாலும் ஒரு சொட்டு உள்ளங்கையில் விட்டுப் பார்க்காமல் அடுப்பை அணைப்பாரா? ருசி பார்க்கிற அந்த நாக்கைத்தான் நாம் புடுங்கிப் போடச் சொல்கிறோம்.

வேலை செய்யும் விதமும் மந்திரம் இல்லை. முனையில் ஸிர்கோனியா என்ற பீங்கான். அதற்கு ஒரு பக்கம் புகை, மறுபக்கம் வெளிக்காற்று. பீங்கான் 300 டிகிரிக்கு மேல் சூடானதும், இரு பக்கத்து ஆக்ஸிஜனுக்கும் உள்ள வித்தியாசத்தைப் பொறுத்துத் தானே சிறு மின்சாரத்தை உண்டாக்கும். புகையில் ஆக்ஸிஜன் மிஞ்சியிருந்தால், அதாவது எண்ணெய் குறைவாக இருந்தால், 0.1 வோல்ட்டை ஒட்டி நிற்கும். எண்ணெய் கூடிவிட்டால் 0.9ஐ ஒட்டி ஏறும். ஈசியு 0.45ஐ நடுக்கோடாக வைத்துக்கொண்டு, ஏறினால் எண்ணெயைக் குறைத்து, இறங்கினால் கூட்டி, நொடிக்கு நொடி திருத்திக்கொண்டே போகும். பேட்டரி மின்சாரம் இதில் சேர்வது முனையைச் சீக்கிரம் சூடாக்கும் ஹீட்டருக்கு மட்டும். நாலு வயர் சென்சரில் இரண்டு அந்த ஹீட்டருக்குப் போகின்றன.

“அந்தக் காலத்து சாகாவில் இதெல்லாம் இருந்துச்சா? அது ஓடலையா?” என்று அடுத்த அம்பு வரும். 1985 ஜூலையில் வெளிவந்த புரோட்டான் சாகாவில் கார்புரேட்டர்தான் இருந்தது. சென்சரும் கிடையாது, ஈசியுவும் கிடையாது. ஸ்க்ரூவைத் திருகி, சத்தத்தைக் காதால் கேட்டு எண்ணெயைச் சரிசெய்த போமன்கள் நம் தோட்டங்களிலேயே இருந்தார்கள். அந்தக் கைத்திறனை நான் குறைத்துப் பேச மாட்டேன். ஆனால் மைவியில் திருக ஸ்க்ரூ எங்கே இருக்கிறது? திருத்தும் பொறுப்பைக் கணினியிடம் கொடுத்த எஞ்சினில், அதற்குச் செய்தி கொண்டுவருவதை வெட்டிவிட்டு, பழைய காலத்தை உதாரணம் காட்டுவது எந்த நியாயம்? சென்சரே இல்லாமல் வடிவமைத்த பழைய ஈஎஃப்ஐ எஞ்சின்களும் உண்டு. அவற்றில் கலவையைத் திருத்தத் தனி வழி வைத்திருப்பார்கள். உங்கள் காடியில் சென்சர் வைத்து அனுப்பியிருக்கிறார்கள் என்றால் அந்த வழி வைக்கப்படவில்லை என்று பொருள்.

சரி, புடுங்கினால் என்ன ஆகும்? ஓடும்தான். ஓடாது என்று யார் சொன்னார்கள்? செய்தி வராவிட்டால் ஈசியு திருத்துவதை நிறுத்திவிட்டு, தொழிற்சாலையில் எழுதிவைத்த கணக்குப்படி எண்ணெய் ஊற்றும். அந்தக் கணக்கு புது எஞ்சினுக்கு எழுதியது. இன்ஜெக்டர் அடைத்து, வேக்கம் குழாய் விரிந்து, கம்ப்ரஷன் இறங்கிய இருபது வருட எஞ்சினுக்கு அது பொருந்துமா என்பது அதிர்ஷ்டம். எஞ்சினுக்கு ஆபத்து வராமல் இருக்க எண்ணெய் கொஞ்சம் தாராளமாகவே போகும். பழைய காடிக்கு சென்சர் வேண்டாம் என்பதைவிட, பழைய காடிக்குத்தான் அது அதிகம் வேண்டும் என்பதே உண்மைக்கு நெருக்கம்.

ஒன்றை ஒப்புக்கொள்கிறேன். பல காடிகளில் இரண்டு சென்சர் இருக்கும். ஒன்று புகையைச் சுத்திகரிக்கும் கேட்டலிட்டிக்குக்கு முன்னால், மற்றது பின்னால். பின்னால் இருப்பது பெரும்பாலும் கேட்டலிட்டிக் வேலை செய்கிறதா என்று கண்காணிக்க வைத்தது. அது செத்தால் எண்ணெய்ச் செலவு பெரிதாக மாறாது. புடுங்கிகள் கட்சிக்கு இந்த அளவு நியாயம் உண்டு. ஆனால் பட்டறையில் நடப்பது என்ன? எது முன், எது பின் என்று பார்க்காமல் இரண்டுக்கும் ஒரே தண்டனை.

இனி இந்தக் கொள்கையின் உண்மையான வேருக்கு வருவோம். அது சட்டமும் இல்லை, சாகாவும் இல்லை. மனக்கசப்பு. “புது சென்சர் போட்டேன். முன்னூறு வெள்ளி போச்சு. ரெண்டு வாரத்துல அதே லைட் எரியுது” என்று சொல்லாதவர் நம்மில் குறைவு. பணத்தை இழந்தவர், சென்சர் என்பதே ஏமாற்று வேலை என்ற முடிவுக்கு வந்துவிடுகிறார். கசப்பு நியாயமானது. முடிவுதான் தவறு. அவர் காடியில் சென்சர் கெட்டிருக்கவில்லை. அது சொன்னது உண்மை. உண்மையைச் சொன்னதற்காக அதைத் தூக்கிப் போட்டார்கள்.

ஸ்கேனர் காட்டும் எண்ணைப் படிக்கத் தெரியாததுதான் இங்கே குற்றம். பி0135 என்றால் முன் சென்சரின் ஹீட்டர் மின்சுற்றில் கோளாறு. சென்சர் செத்திருக்கலாம், ஃபியூஸ் போயிருக்கலாம், வயரை எலி கடித்திருக்கலாம். பி0133 என்றால் சென்சர் மெதுவாகப் பதில் சொல்கிறது. கிழடு தட்டியதற்கு அடையாளம். பி0171 என்றால் கலவையில் எண்ணெய் குறைவு. சென்சரைக் குற்றம் சொல்லும் எண்ணே இல்லை இது. சென்சர் கொடுத்த புகார். ஆனால் மூன்றுக்கும் ஒரே மருந்து எழுதும் பட்டறைகள் இருக்கின்றன. மிட்சுபிஷி எஞ்சின் போட்ட பழைய வீராவில் ஸ்கேனர்கூட வேண்டாம், வோல்ட் மீட்டர் முள் ஆடுவதை எண்ணினால் போதும், ஆக்ஸிஜன் சென்சருக்கு 11. அந்த 11 வந்தாலும் எங்கே பார்க்க வேண்டும் என்றுதான் தெரியுமே தவிர எதை மாற்ற வேண்டும் என்று தெரியாது.

இதில் எனக்கு மிகவும் பிடித்த விநோதம் ஒன்றைச் சொல்ல வேண்டும். ஒரு பிளக் சரியாகப் பொறிக்கவில்லை என்று வையுங்கள். அந்தச் சிலிண்டரில் எண்ணெய் எரியாமல் அப்படியே வெளியே வருகிறது. மூக்கை வைத்தால் பெட்ரோல் வாடை. அப்போது சென்சர் என்ன சொல்லும்? எண்ணெய் அதிகம் என்றுதானே? சொல்லாது. எண்ணெய் குறைவு என்று சொல்லும். ஏனென்றால் அதற்குப் பெட்ரோலைத் தெரியாது, ஆக்ஸிஜனைத்தான் தெரியும். எரியாத சிலிண்டரில் செலவாகாத ஆக்ஸிஜன் முழுவதும் அதன்மேல் வந்து மோதுகிறது. ஈசியு அதை நம்பி இன்னும் எண்ணெயை ஊற்றுகிறது. வாடை கூடுகிறது, செலவு கூடுகிறது. பத்து வெள்ளிப் பிளக்கில் முடிய வேண்டிய காரியத்துக்குச் சென்சரை மாற்றினால் விளக்கு மறுபடி எரியாமல் என்ன செய்யும்? எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டில் விரிசல் இருந்தாலும் இதே கதைதான். காலையில் ஸ்டார்ட் செய்ததும் டிக் டிக் என்று கேட்டு, சூடானதும் அடங்கும் சத்தம் உங்கள் காடியில் இருந்தால் முதலில் அதைப் பாருங்கள். அந்த விரிசல் வழியே வெளிக்காற்று உறிஞ்சப்பட்டுச் சென்சரை ஏமாற்றும்.

சோதிப்பது கடினம் என்கிறார்கள். கடினம் இல்லை. ஹார்டுவேர் கடையில் விற்கும் சாதாரண டிஜிட்டல் மல்ட்டிமீட்டர் போதும். எஞ்சினை நன்றாகச் சூடாக்குங்கள். சாக்கெட்டைக் கழற்றாமல், சிக்னல் வயர் நுழையும் பின்பக்கம் மெல்லிய ஊசியைச் செருகி, மீட்டரின் சிவப்பு முனையை அதில் வையுங்கள். கறுப்பு முனை பேட்டரி நெகடிவில். எஞ்சினை 2,000 சுற்றுக்கு மேல் பிடித்தால் எண்கள் 0.2, 0.7, 0.3, 0.8 என்று ஓயாமல் தாவ வேண்டும். பத்து நொடியில் ஏழெட்டு முறையாவது நடுக்கோட்டைத் தாண்டினால் ஆள் உயிரோடு இருக்கிறார். இப்போது ஒரு வேக்கம் குழாயை உருவி விடுங்கள். எண் 0.2க்குக் கீழே விழ வேண்டும். குழாயை மாட்டிவிட்டு, காற்று உள்ளே போகும் வாயருகே கார்ப் கிளீனர் கொஞ்சம் அடித்தால் 0.8க்கு மேல் பாய வேண்டும். இரண்டும் உடனே நடந்தால் சென்சர் நல்லது, கோளாறு வேறெங்கோ. என்ன செய்தாலும் ஒரே எண்ணில் குந்தியிருந்தால், அல்லது தூங்கி எழுந்தவர்போல மெதுவாக நகர்ந்தால், மாற்ற வேண்டியதுதான். ஹீட்டரைப் பார்க்க சாக்கெட்டைக் கழற்றி அந்த இரு முனைக்கும் இடையே ஓம் பாருங்கள். சில ஓமிலிருந்து பதினைந்து ஓமுக்குள் வரும். ஒன்றுமே காட்டாவிட்டால் உள்ளே கம்பி அறுந்திருக்கிறது. சிக்னல் வயரில் மட்டும் ஓம் பார்க்காதீர்கள், டெஸ்ட் லைட்டையும் வைக்காதீர்கள், சென்சர் கெட்டுவிடும். இன்னொன்று, காற்று-எண்ணெய் விகிதத்தை அளக்கும் ஏஎஃப் சென்சர் போட்டு வரும் புதிய காடிகளுக்கு இந்தக் கணக்கு பொருந்தாது. நான் பேசுவது வீரா, வாஜா, முதல் தலைமுறை மைவி காலத்து வண்டிகளைப் பற்றி.

இந்தச் சோதனைக்கு ஒரு தே தாரிக் ஆறும் நேரம் போதும். செய்யாமல் பாகம் மாற்றுவதும் செய்யாமல் புடுங்குவதும் வெளிப்பார்வைக்கு எதிரெதிர். உள்ளே இரண்டும் ஒரே அலட்சியம்.

மாற்றும்போதும் நம் பட்டறைகளில் பாதிச் சென்சர்கள் பிறந்த அன்றே சாகின்றன. இருபது வருடம் எக்ஸாஸ்ட் சூட்டில் வெந்த மரையைக் குளிர்ந்த எஞ்சினில் வைத்து இழுத்தால் மேனிஃபோல்டின் மரையும் சேர்ந்து உரிந்து வரும். எஞ்சின் மிதமான சூட்டில் இருக்கும்போது, துரு எண்ணெய் விட்டுக் காத்திருந்து, 22 எம்எம் ஸ்பேனரில், அல்லது வயருக்கு இடம் விட்டு வெட்டிய சாக்கெட்டில் கழற்ற வேண்டும். பழையதன் முனையைத் தூக்கி எறியுமுன் பாருங்கள். கறுப்புக் கரி என்றால் எண்ணெய் கூடியிருக்கிறது. சுண்ணாம்பு பூசியதுபோல் வெளுத்திருந்தால் கூலன்ட் உள்ளே கசிகிறதோ, யாராவது சிலிக்கான் கம்மை அள்ளிப் பூசினார்களோ என்று சந்தேகப்படலாம். வால்வ் கவரில் எண்ணெய்க் கசிவுக்கு வழிய வழியக் கம் தேய்ப்பது நமக்குக் கைவந்த கலை. சாதாரண சிலிக்கான் கம்மின் ஆவி இந்தச் சென்சருக்கு விஷம். காரணத்தை விட்டுவிட்டுப் புதுசு போட்டால் புதுசுக்கும் அதே கதிதான்.

பொதுச் சென்சர் வாங்கி வயர் ஒட்டுகிறவர்கள் நிறத்தை நம்பக் கூடாது. போஷில் இரண்டு வெள்ளையும் ஹீட்டர், கறுப்பு சிக்னல். டென்சோவில் இரண்டு கறுப்பும் ஹீட்டர், நீலம் சிக்னல். கறுப்போடு கறுப்பைச் சேர்த்தால் 12 வோல்ட் எங்கே பாயும் என்று யோசித்துக்கொள்ளுங்கள். ஈயம் வைத்து ஒட்டுவதும் கூடாது. பல சென்சர்களுக்கு வெளிக்காற்று வயரின் உள்ளிழைகள் வழியாகத்தான் போகிறது. அதனால் கிரிம்ப் செய்ய வேண்டும். சாக்கெட்டில் கிரீஸ் அப்புவதும் அந்தக் காற்றை அடைக்கும். ஹாஃப்-கட் கடையில் கழற்றிய சென்சரைப் பற்றி ஒரு வார்த்தை போதும்: எத்தனை ஆயிரம் கிலோமீட்டர் ஓடியது என்று விற்பவருக்கே தெரியாத தேய்மானப் பொருளை வாங்காதீர்கள்.

“மூவாயிரம் வெள்ளிக் காடிக்கு முன்னூறு வெள்ளி சென்சரா?” நல்ல கேள்வி. காடியின் விலையோடு ஒப்பிடாமல் அது குடிக்கும் எண்ணெயோடு ஒப்பிட்டுப் பாருங்கள். சுங்கைப் பட்டாணியிலிருந்து பிறை தொழிற்பேட்டைக்கு வேலைக்குப் போகிறவர் போக வர ஏறத்தாழ 70 கிலோமீட்டர் ஓட்டுகிறார். மாதம் 24 நாள் என்றால் 1,680 கிலோமீட்டர். லிட்டருக்கு 12 கிலோமீட்டர் கொடுத்த காடி 10 கொடுத்தால் 140 லிட்டர் 168 ஆகிறது. 2025 செப்டம்பர் இறுதியில் தொடங்கிய பூடி95 பெட்ரோல் மானியத் திட்டத்தின் விலையான 1.99 வெள்ளியில் போட்டாலும் மாதம் 55 வெள்ளிக்கு மேல். ஆறு மாதத்தில் சென்சர் காசு வந்துவிடும். அதோடு அந்தத் திட்டம் தொடங்கியபோது வைத்த உச்சவரம்பு மாதம் 300 லிட்டர். வேலைக்கும் பிள்ளைகளுக்கும் சொந்தக்காரர் வீட்டுக்கும் ஒரே காடி என்ற வீட்டில் 28 லிட்டர் சும்மா போவது சின்ன விஷயமா? மோசமாகக் கெட்ட ஆக்ஸிஜன் சென்சரைச் சரிசெய்தால் அதே எண்ணெயில் ஓடும் தூரம் 40 விழுக்காடுவரை கூடலாம் என்று அமெரிக்க அரசின் எரிபொருள் வழிகாட்டி சொல்கிறது. அந்த எண்ணை நான் எல்லோருக்கும் வாக்குறுதியாகத் தர மாட்டேன். அது கடைசிக் கட்ட நோயாளியின் கணக்கு. என் கணக்குக்கு 12க்கும் 10க்கும் உள்ள வித்தியாசமே போதும்.

புடுங்கிப் போடும் புத்தி சென்சரோடு நிற்பதில்லை என்பதுதான் என் பெரிய கவலை. நம் ஊர் சூடு என்று தெர்மோஸ்டாட்டைக் கழற்றிப் போடுகிறார்கள். எஞ்சின் சூடேறத் தாமதமாகி, ஈசியு இன்னும் காலை நேரம் என்று நினைத்து எண்ணெயைக் கூட்டி ஊற்றுகிறது. ‘பவர்’ வரும் என்று கேட்டலிட்டிக்கைக் குடைந்தெடுக்கிறார்கள். உள்ளே இருக்கும் பிளாட்டினத்துக்கும் பலேடியத்துக்கும் பழைய இரும்புக்காரர் கொடுக்கும் விலைதான் அதில் வரும் உண்மையான பவர், அதுவும் பெரும்பாலும் நமக்கு வராது. இதில் சென்சருக்கும் பங்குண்டு. சென்சரைப் புடுங்கியதால் எரியாத எண்ணெய் போய்க் கேட்டலிட்டிக்கில் எரிகிறது, உள்ளிருக்கும் தேன்கூடு உருகி அடைக்கிறது, காடி இழுக்க மறுக்கிறது, உடனே “கேட்டலிட்டிக் போச்சு, வெட்டிடலாம்” என்கிறார்கள்.

கேட்பார் இல்லை என்பதும் காரணம். தனியார் காடிகளுக்கு இங்கே ஆண்டுச் சோதனை கிடையாது. கைமாறும்போதுதான் புஸ்பாகோம் பக்கம் போகிறோம். 2009இல் பதினைந்து வருடத்துக்கு மேற்பட்ட காடிகளுக்குக் கட்டாயச் சோதனை என்று அரசாங்கம் அறிவித்து, எதிர்ப்புக் கிளம்பியதும் பின்வாங்கியது. அந்த எதிர்ப்பின் பக்கமே நானும் நிற்கிறேன். தோட்டங்கள் துண்டாடப்பட்டுத் தாமான்களாகி, வேலை பினாங்குக்கும் கூலிமுக்கும் நகர்ந்துவிட்ட இந்த வட்டாரத்தில் பழைய காடி சொகுசுப் பொருள் இல்லை, சோறு. ஹார்வார்ட் தோட்டத்து ஆள் ஷிஃப்ட்டுக்குப் போய்ச் சேர வேறு வழி என்ன இருக்கிறது? அவருடைய காடியைப் பிடுங்கச் சொல்பவர்களோடு எனக்கு உடன்பாடு இல்லை. ஆனால் அந்தக் காடியைக் காப்பாற்ற வேண்டும் என்றால் அதில் உள்ளதை ஒவ்வொன்றாகக் கழற்றிக்கொண்டே போக முடியாது. கேட்டலிட்டிக்கும் சென்சரும் இல்லாத காடியின் கார்பன் மோனாக்சைடு முதலில் போவது யார் மூச்சுக்குள்? சிக்னலில் பக்கத்தில் நிற்கும் மோட்டார் சைக்கிள்காரர், பள்ளிக்கூட வாசலில் எஞ்சினை அணைக்காமல் காத்திருக்கும் காடியின் பின்னால் நடந்துவரும் பிள்ளை.

ஆகவே அடுத்த முறை அந்த மஞ்சள் விளக்கு எரிந்தால் போமனிடம் மூன்று கேள்வி கேளுங்கள். என்ன எண் வந்தது? முன் சென்சரா, பின் சென்சரா? வோல்ட் தாவுவதை மீட்டரில் காட்ட முடியுமா? மாற்றச் சொன்னாலும் கேளுங்கள், புடுங்கச் சொன்னாலும் கேளுங்கள். காட்டிவிட்டு மாற்றச் சொல்பவருக்குத் தயங்காமல் காசு கொடுங்கள், அவர் கேட்கும் கூலியில் பேரம் பேசாதீர்கள். காட்டமாட்டேன் என்றால் சாவியை வாங்கிக்கொண்டு அடுத்த பட்டறைக்குப் போங்கள். சுங்கைப் பட்டாணியில் பட்டறைக்குப் பஞ்சமில்லை.